நூற்றுப் பதினாறு திரைகளின் கணக்கு

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் வேலை பழகுகிற, செராமிக் டிப்ளமா படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

சாயங்காலம் வேலை விட்டதும் டீக்கடை பெஞ்சில் ஒரு செல்போனைச் சுற்றி நான்கு தலைகள் குனிந்திருப்பது நம் ஊரில் இப்போது வழக்கமாகிவிட்டது. உங்கள் அண்ணன்மார் காலத்தில் டிவிக்குப் பக்கத்தில் பெட்டி வைத்து, கேசட் செருகி ஆடிய பழைய ஆர்கேட் ஆட்டங்கள் இன்று உங்கள் உள்ளங்கைக்குள் வந்திருக்கின்றன. ஆட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் உச்சுக்கொட்டுவார். "இன்னும் கொஞ்சம்தாண்டா இருந்துச்சு, கடைசியில கை நழுவிடுச்சு." சுற்றி இருப்பவர்களும் ஆமாம் போடுவார்கள்.

அந்தக் "கடைசியில" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். பெரும்பாலும் அது பொய். சொல்கிறவர் வேண்டுமென்று சொல்லும் பொய் இல்லை. நம் கண் கடைசியில் நடந்ததை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு, அதற்கு முன் நடந்ததையெல்லாம் விட்டுவிடுகிறது. இதைக் காட்ட 2005-ல் நடந்த ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஆட்டம் அது. அதன் எண்களைப் பிரித்துப் பார்ப்பது சூளையிலிருந்து வந்த உருப்படியைக் கையில் திருப்பிப் பார்ப்பது போன்ற வேலை. அதனால்தான் இந்த மடல் வேறு யாருக்கும் எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லக்கோனியா என்ற ஊரில் ஃபன்ஸ்பாட் என்றொரு பெரிய விளையாட்டுக் கூடம் இருக்கிறது. பழைய ஆர்கேட் இயந்திரங்களுக்கென்று அதற்குள்ளேயே ஓர் அருங்காட்சியகம். நாட்டின் மறுகோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஸ்டீவ் வீபி அங்கே வந்தார். போயிங் நிறுவனத்தில் வேலை இழந்தவர், பிறகு பள்ளியில் அறிவியல் ஆசிரியரானவர். தன் வீட்டு கராஜில் ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு டாங்கி காங் என்ற ஆட்டத்தை ஆடிப் பழகியவர். அந்தக் கராஜ் ஆட்டங்களில் ஒன்றில் 10,06,600 புள்ளிகள் எடுத்து, வீடியோ நாடாவில் பதிவு செய்து அனுப்பியிருந்தார். ஆட்டத்தை விட்டுவிட்டு வரச்சொல்லி அவருடைய சின்ன மகன் கூப்பிடும் குரல்கூட வீட்டுப் பதிவில் விழுந்திருக்கிறது. ஆனால் அவர் ஆடிய இயந்திரத்தின் சர்க்யூட் பலகை எங்கிருந்து வந்தது என்று கேள்வி எழுந்தது. ஆர்கேட் சாதனைகளுக்குக் கணக்கு வைத்துவந்த ட்வின் கேலக்ஸீஸ் அமைப்பு அந்த நாடாவை ஒதுக்கிவைத்தது. எல்லோரும் பார்க்க, பொது இயந்திரத்தில் ஆடிக் காட்டுவதற்காகத்தான் வீபி ஃபன்ஸ்பாட் வந்தார்.

ஆடினார். கூட்டம் பின்னால் கூடி நின்றது. ஆட்டம் நின்றபோது திரையில் இருந்த எண் 9,85,600.

பத்து லட்சத்துக்கு 14,400 குறைவு.

இந்தக் குறைவு எங்கே நேர்ந்தது என்று அறிய அந்த ஆட்டத்தின் கட்டுமானம் தெரிய வேண்டும். டாங்கி காங் 1981-ல் ஜப்பானின் நிண்டெண்டோ வெளியிட்டது. வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. உச்சியில் ஒரு பெருங்குரங்கு ஒரு பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு பீப்பாய்களை உருட்டிவிடும். கீழே ஒரு தச்சன். பின்னாளில் மரியோ என்று உலகமே அறிந்தவன் அவன்தான். கையில் ஒரு ஜாய்ஸ்டிக், தாண்டுவதற்கு ஒரே ஒரு பட்டன். அவ்வளவுதான் கருவி.

ஆட்டத்தில் நான்கு வகைத் திரைகள் உண்டு: பீப்பாய்த் திரை, சிமெண்ட் தட்டுகள் ஓடும் கன்வேயர் திரை, லிஃப்ட் திரை, ஆணிகளைப் பிடுங்கும் திரை. (டிவி பெட்டியில் ஆடியவர்களுக்குக் கன்வேயர் திரை தெரிந்திருக்காது. வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது நிண்டெண்டோ அதை விட்டுவிட்டது.) முதல் நிலையில் இரண்டு திரைகள், இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் நான்கு, நான்காவதில் ஐந்து. ஐந்தாம் நிலையிலிருந்து ஒவ்வொரு நிலைக்கும் ஆறு. இருபத்தோராம் நிலை முடிய மொத்தம் கூட்டிப் பாருங்கள்: முதல் நான்கு நிலைகளில் 14, அடுத்த பதினேழு நிலைகளில் 102. ஆக 116 திரைகள்.

நூற்றுப் பதினேழாவது திரை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதை யாராலும் முடிக்க முடியாது. ஆடுபவர்கள் அதை கில் ஸ்கிரீன் என்பார்கள்.

காரணம், எண்ணுவதில் உள்ள ஒரு குறை. திரைக்குத் திரை ஒரு போனஸ் நேரம் தரப்படுகிறது. நிலையின் எண்ணைப் பத்தால் பெருக்கி, அதோடு நாற்பதைக் கூட்டி, இயந்திரம் அதைக் கணக்கிடுகிறது. முதல் நிலையில் 50, அதாவது 5,000 போனஸ். நான்காம் நிலையில் 80, அதாவது 8,000. அதற்கு மேல் ஏறாமல் ஒரு தடுப்பு. இந்தக் கணக்கை எழுதிவைக்க இயந்திரம் ஒதுக்கியிருப்பது எட்டு பிட் அளவுள்ள ஒரு சின்ன இடம். அதில் 255 வரைதான் கொள்ளும். பழைய பைக்கில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்புமே, அதே கதை. இருபத்தோராம் நிலையில் கணக்கு 250, இடம் கொள்கிறது. இருபத்திரண்டில் 260, கொள்ளவில்லை. 256 கழிந்து மிச்சம் 4. எட்டாயிரம் போனஸ் நேரம் இருக்க வேண்டிய இடத்தில் நானூறு. தச்சன் பாதிவழி ஏறுவதற்குள் நேரம் தீர்ந்து தலைகுப்புற விழுகிறான். எத்தனை உயிர் மிச்சம் இருந்தாலும் அத்தனையும் அங்கேயே போகும்.

ஃபன்ஸ்பாட்டில் கூட்டம் கூடியது அந்த இடத்தைப் பார்க்கத்தான். வீபியின் ஆட்டம் கில் ஸ்கிரீனை நெருங்குகிறது என்ற செய்தி கூடம் முழுக்கப் பரவியது. வந்தவர்கள் பார்த்தது என்ன? ஒருவர் மணிக்கணக்காக ஏறிக்கொண்டிருக்கிறார், திடீரென்று இயந்திரமே அவரைக் கீழே தள்ளிவிடுகிறது. பத்து லட்சம் தொடும் தூரத்தில் இருக்கும்போது தள்ளிவிடுகிறது. பார்த்த எவருக்கும் "கடைசியில் போயிற்று" என்றுதான் தோன்றும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். கில் ஸ்கிரீன் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் வருகிறது. எல்லோருக்கும் கிடைப்பது 116 திரைகள்தான், ஒன்று கூடாது. எனவே அங்கே விழுந்ததை வைத்துப் புள்ளி ஏன் குறைந்தது என்று விளக்கவே முடியாது. அது ஒரு சுவர், அவ்வளவுதான். சுவரை அடையும்போது கையில் எவ்வளவு இருந்தது என்பதுதான் கேள்வி. அது முந்தைய 116 திரைகளில் சேர்ந்ததும் சேராததும்.

சேராதது எவ்வளவு என்று பார்ப்போம். 14,400-ஐ 116-ஆல் வகுத்தால் ஒரு திரைக்கு 124 சொச்சம். ஒரு பீப்பாயைத் தாண்டினால் 100 புள்ளி. இரண்டைச் சேர்த்துத் தாண்டினால் 300. மூன்றோ அதற்கு மேலோ சேர்த்துத் தாண்டினால் 800. சுத்தியலால் நீலப் பீப்பாயை உடைத்தால் 300, 500, 800 என்று அதிர்ஷ்டத்துக்குத் தகுந்தபடி விழும். மொத்த ஆட்டத்தில் பீப்பாய்த் திரைகள் மட்டும் 56 வருகின்றன. அவற்றில் 48 திரைகளில், திரைக்கு ஒரே ஒரு முறை இரட்டைப் பீப்பாயைக் கூடுதலாகத் தாண்டியிருந்தால் 14,400 சரியாக வந்திருக்கும். அதுவும் வேண்டாம், 800 புள்ளி விழும் உடைப்பு மொத்த ஆட்டத்தில் இன்னும் பதினெட்டு கிடைத்திருந்தால் போதும்.

நூற்றுப் பதினாறு திரைகளில் பதினெட்டு. எந்தப் பதினெட்டு என்று வீபியாலும் சொல்லியிருக்க முடியாது. ஏனென்றால் அந்த இடங்களில் தவறு என்று எதுவும் நடக்கவில்லை. உயிர் போகவில்லை, கை நடுங்கவில்லை, யாரும் உச்சுக்கொட்டவில்லை. திரையைச் சுத்தமாக முடித்து அடுத்ததற்குப் போனார். புள்ளி போனது அப்படிப்பட்ட நல்ல திரைகளில்தான்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: பாயிண்ட் பிரஸ்ஸிங். கரும்பை இன்னொரு தரம் மில்லில் விட்டுப் பிழிவது போல, ஒவ்வொரு திரையிலும் மிச்சமிருப்பதைப் பிழிந்தெடுப்பது. அது சும்மா கிடைக்காது. நின்று பீப்பாய்க் கூட்டத்துக்குக் காத்திருந்தால் போனஸ் நேரம் குறைந்துகொண்டே போகும். மிச்சமிருக்கும் போனஸும் புள்ளிதான். அவசரமாக மேலே ஏறினால் போனஸ் கிடைக்கும், தாண்டல் புள்ளி போகும். சுத்தியல் கையில் இருக்கும்போது தாண்டவும் முடியாது, ஏணி ஏறவும் முடியாது. ஒரு பீப்பாய் ஏணி வழியாக இறங்குமா, சரிவிலேயே உருண்டு போகுமா என்பதுகூட ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. நுட்பம் தெரிந்தவர் பீப்பாய்களைத் தனக்கு வேண்டிய பாதைக்குத் திருப்பி, இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தாண்டுவார். லிஃப்ட் திரையில் சுத்தியலே கிடையாது. அங்கே பிழிய அதிகம் ஒன்றுமில்லை, உயிரோடு தாண்டிப்போனால் சரி. ஆக ஒரு திரையில் நிற்க வேண்டும், இன்னொன்றில் ஓட வேண்டும். எங்கே எது என்பதுதான் தொழில்.

உங்கள் தொழிலுக்கு வருவோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டில் ஸ்லிப் ஊற்றிப் பொம்மை எடுக்கிறீர்கள். காலையில் முதல் முறை ஊற்றும்போது மோல்டு நன்றாகக் காய்ந்திருக்கும். தண்ணீரை மடமடவென்று உறிஞ்சும். ஊற்றுவாயில் மட்டம் இறங்கும். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவீர்கள். வாயோரம் சுவர் வேண்டிய கனத்துக்குப் பிடித்துவிட்டதா என்று கண்ணாலேயே பார்த்து, மிச்ச ஸ்லிப்பைக் கவிழ்த்து வடிப்பீர்கள். அதே மோல்டில் மத்தியானம் மூன்றாவது முறை ஊற்றும்போது அது ஈரம் குடித்துக் கனத்துப்போயிருக்கும். உறிஞ்சும் வேகம் குறைந்திருக்கும். காலையில் வைத்த அதே நிமிடக் கணக்கை அப்போதும் வைத்தால் சுவர் மெலிந்துதான் பிடிக்கும். மோல்டைப் பிரித்தால் பொம்மை அழகாகத்தான் இருக்கும். மூக்கு, முழி, கைவிரல் எல்லாம் சரியாக வந்திருக்கும். கையில் எடுத்தவருக்கு எதுவும் தெரியாது. உலர்ந்து, வெந்து, சூளையைத் திறக்கும் அன்றுதான் கழுத்தில் கீறல் தெரியும். அன்று எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: சூளை சரியில்லை.

சில சமயம் சூளைதான் காரணமாகவும் இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆறும்போது 573 டிகிரி செல்சியஸ் அருகே குவார்ட்ஸ் தன் படிக வடிவத்தை மாற்றிக்கொண்டு சட்டென்று சுருங்குகிறது. அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுக் காற்றை விட்டால் நல்ல உருப்படியும் வெடிக்கும். அப்படியென்றால் எது எப்போது வந்தது என்று எப்படிச் சொல்வது? உங்கள் வாத்தியாரும் மேஸ்திரியும் காட்டிக்கொடுத்திருப்பார்கள்: கீறலின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கிளேஸ் உருகி விளிம்பு மழுங்கியிருந்தால், கிளேஸ் இளகும் முன்பே அங்கே பிளவு இருந்திருக்கிறது. பிளேடு போலக் கூராக இருந்தால் ஆறும்போது வந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு மோல்டையும் உலர்த்துவதையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குச் சூளையைப் பார்க்க வேண்டும். விளிம்பைத் தடவாமல் சூளையை மட்டும் திட்டிக்கொண்டிருப்பவர் அடுத்த லோடிலும் அதே கீறலைத்தான் எடுப்பார்.

நூலிழையில் தவறிய ஆட்டத்துக்கும் இப்படித் தடவிப் பார்க்க ஒரு விளிம்பு இருக்கிறது. தீர்ந்தது எது என்று கேட்க வேண்டும். உயிர் தீர்ந்ததா, களம் தீர்ந்ததா?

நமக்குத் தெரிந்த கிரிக்கெட்டில் பாருங்கள். 2022 நவம்பர் 21, பெங்களூரு சின்னசாமி மைதானம், விஜய் ஹசாரே கோப்பை. அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக நம் தமிழ்நாட்டு அணியின் நாராயண் ஜெகதீசன் 141 பந்துகளில் 277 ஓட்டங்கள் எடுத்தார். 2002-ல் இங்கிலாந்தின் அலிஸ்டர் பிரவுன் எடுத்த 268-ஐத் தாண்டி, ஐம்பது ஓவர் லிஸ்ட் ஏ ஆட்டங்களில் உலகிலேயே உயர்ந்த தனிநபர் ஸ்கோர் அது. அணி 506 எடுத்தது. ஆனால் முந்நூறுக்கு இருபத்துமூன்றே ஓட்டம் இருக்கும்போது, இன்னும் ஏழெட்டு ஓவர்கள் கையில் இருக்கும்போது அவர் ஆட்டமிழந்தார். அங்கே தீர்ந்தது உயிர். களம் மிச்சம் இருந்தது. அந்த ஆட்டத்தில் கடைசிப் பந்தைப் பற்றிப் பேசுவதற்கு நியாயம் உண்டு. விளிம்பு கூர்.

1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தை இழந்தார். அவர் 55.42 நொடி, மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41. நாற்பது ஆண்டுகளாக நாம் பேசுவது ஒரே விஷயம்தான்: கோட்டில் நெஞ்சை முன்னே தள்ளியிருந்தால்! அது உண்மைதான். ஆனால் அந்த ஓட்டத்தில் பத்துத் தடைகள் இருந்தன. ஒவ்வொரு தடையிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி மிச்சம் பிடித்திருந்தாலும் அதே நூறில் ஒரு பங்கு வந்திருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கை எந்தக் கண்ணும் பார்ப்பதில்லை. கோட்டைத் தொடும் நெஞ்சை எல்லாக் கேமராவும் பார்க்கிறது. அதனால் ஒரு பெரிய வீராங்கனையின் மொத்த ஓட்டத்தையும் கடைசி ஒரு அசைவாகச் சுருக்கிப் பேசிக்கொண்டிருக்கிறோம். இது அவருக்கு நாம் செய்த அநியாயம் என்றே இந்த மடலை எழுதுகிறவர் நினைக்கிறார்.

வீபியின் விளிம்பு மழுங்கிய விளிம்பு. களம் தீர்ந்தது, பிளவு முன்பே இருந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. வீபி ஃபன்ஸ்பாட்டில் இருக்கும்போதே புளோரிடாவிலிருந்து ஒரு வீடியோ நாடா வந்தது. பழைய சாதனையாளர் பில்லி மிட்செல் அனுப்பியது. அதில் இருந்த எண் 10,47,200. பத்து லட்சத்துக்கு 14,400 குறைந்தவர், இப்போது சாதனைக்கு 61,600 குறைந்தவர் ஆகிவிட்டார். திரைக்கு 124 என்றிருந்த பாக்கி ஒரே நாளில் 531 ஆயிற்று. இந்தப் போட்டியைத்தான் சேத் கோர்டன் "தி கிங் ஆஃப் காங்" என்ற ஆவணப்படமாக எடுத்தார், 2007-ல் வெளிவந்தது.

எதை நோக்கி ஏறுகிறோமோ அந்த எண் சரியான எண்தானா என்பது இதில் இன்னொரு கேள்வி. திருமுதுகுன்றம் என்ற நம் விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வெளியூர்க் கதை தேவையில்லை. சுந்தரர் பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் போய் எடுத்த கதை உங்களுக்குத் தெரியும். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சோடு அந்தக் கதையை நிறுத்திவிடுகிறோம். அதில் இன்னொரு நுட்பமான பகுதி இருக்கிறது. பொன்னை ஆற்றில் விடுவதற்கு முன் சுந்தரர் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கையோடு வைத்துக்கொள்கிறார். அதற்கு மச்சம் என்று பெயர். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்க்கும்போது மாற்றுக் குறைந்திருக்கிறது. இறைவன் கொடுத்ததுதானே என்று விட்டுவிடவில்லை. மறுபடி பாடி, மாற்றுச் சரியாக வந்தபிறகே ஏற்றுக்கொள்கிறார். கமலாலயக் கரையில் மாற்றுரைத்த விநாயகர் இன்றும் இருக்கிறார்.

டாங்கி காங்குக்கு மச்சம் என்பது 1981-ன் அசல் சர்க்யூட் பலகை. அதே ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் எமுலேட்டர்களும் உண்டு. உங்கள் செல்போனில் ஓடுவது அந்த வகைதான். இரண்டிலும் ஆட்டம் ஒன்றுபோல இருந்தாலும், ஒரு திரை முடிந்து அடுத்த திரை விரியும் அந்தக் கண்ணிமைப்பில் இரும்புத் தூலங்கள் தோன்றும் விதம் வேறுபடுகிறது. பழைய நாடாக்களை ஒவ்வொரு படச்சட்டமாக நிறுத்திப் பார்த்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 2018 ஏப்ரலில் ட்வின் கேலக்ஸீஸ் ஒரு முடிவை அறிவித்தது: மிட்செலின் 10,47,200 நாடாவும், 2007-ல் அவர் கொடுத்த 10,50,200 நாடாவும் மாற்றம் செய்யாத அசல் பலகையிலிருந்து வந்தவை அல்ல. அவருடைய புள்ளிகளை நீக்கியது. டாங்கி காங்கில் முதன்முதலில் பத்து லட்சம் தொட்டவர் வீபி என்றும் அறிவித்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கிவைக்கப்பட்ட அந்தக் கராஜ் ஆட்டத்துக்குத்தான் அந்தப் பெயர் கிடைத்தது.

மிட்செல் குற்றச்சாட்டை மறுத்தார், வழக்குப் போட்டார். கின்னஸ் நிறுவனம் 2020-ல் அவருடைய சாதனைகளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2024 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்து, ட்வின் கேலக்ஸீஸ் தன் பழைய வரலாற்றுப் பட்டியலில் அவருடைய புள்ளிகளை மறுபடி வைத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இந்த மடலின் வேலை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2005-ல் வீபி எவ்வளவு குறைந்தார் என்ற கேள்விக்கு, எந்த நாடாவை ஏற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வேறு வேறு விடை வருகிறது. பத்து லட்சம் என்ற முழு எண்ணிலிருந்து 14,400. மிட்செலின் நாடாவிலிருந்து 61,600. தன்னுடைய கராஜ் ஆட்டத்திலிருந்து 21,000. இந்த மூன்றில் அவர் பழகுவதற்கு உதவக்கூடியது மூன்றாவதுதான். அது அவர் கையே ஏற்கெனவே செய்து பார்த்த அளவு. எங்கே செய்தோம் என்று அவரால் நினைவுபடுத்திக்கொள்ள முடியும். அடுத்தவர் நாடாவில் அது இல்லை.

2006 ஆகஸ்டில் வீபி 10,49,100 எடுத்தார். ஃபன்ஸ்பாட்டைவிட 63,500 அதிகம். அதே 116 திரைகள், அதே சுவர். திரைக்கு 547 கூடுதல். முந்தைய ஆண்டு இரண்டு பீப்பாய் சேர்த்துத் தாண்டிய இடத்தில் மூன்று, ஒரு பீப்பாய் தாண்டிய இடத்தில் இரண்டு என்று தாண்டினால் சேரக்கூடிய அளவு. மறு ஆண்டு மிட்செலின் 10,50,200 வந்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் 1,100, அதாவது மொத்த ஆட்டத்தில் பதினோரு பீப்பாய். 2016 மே மாதம் வெஸ் கோப்லண்ட் என்பவர் 12,18,000 எடுத்தார். பிறகு ராபி லேக்மன் அதையும் தாண்டினார். ஃபன்ஸ்பாட் ஆட்டத்தைவிடக் கோப்லண்டின் ஆட்டம் 2,32,400 அதிகம். திரைக்கு இரண்டாயிரம்! 2005-ல் கூடம் முழுக்க நின்று பார்த்து "கடைசியில் போயிற்று" என்று சொன்ன அதே 116 திரைகளுக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சூளை எரியும் ராத்திரியில் வெப்பம் குறிக்க ஒரு நோட்டு வைத்திருப்பீர்கள். மணி, டிகிரி, யார் பார்த்தது என்று கோடு போட்ட நோட்டு. அதே மாதிரி ஒரு பக்கத்தை ஆட்டத்துக்கும் ஒதுக்குங்கள். முதல் நான்கு நிலைகளுக்குப் பதினான்கு கட்டங்கள், ஐந்திலிருந்து நிலைக்கு ஆறு ஆறாக. திரை முடிந்ததும் புள்ளியை ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுதட்டும். எத்தனை போனஸ் மிச்சம் இருந்தது, சுத்தியலில் என்ன விழுந்தது, எந்த இடத்தில் நிற்காமல் ஓடினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். நான்கு தலைகள் குனிந்து நிற்கும் இடத்தில் எழுத ஓர் ஆள் கிடைக்காமல் போகாது. உயிர் போன கட்டத்தைச் சிவப்பில் வட்டமிடத் தோன்றும். வேண்டாம், அது எப்படியும் நினைவில் இருக்கும். எதுவும் நடக்காமல் முடிந்த திரைகளில் இரண்டு ஆட்டங்களுக்கு இடையே எண் எங்கே மாறுகிறது என்று பாருங்கள்.

இருபது ஆட்டம் ஆனபிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு வாருங்கள். பீப்பாய்த் திரைகளின் வரிசையிலிருந்து சேர்ந்து படிக்கத் தொடங்கலாம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரர் ஒருவர்